சிரிப்புச் சான்றிதழ்

சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டார். அதனால் நான் நாற்பத்தைந்து வயதில், அலுவலக நேரத்தில், சிரிக்கப் பழக வேண்டியதாயிற்று.

தலைமை அலுவலகம் சொல்ல நினைத்தது 'சிறப்புச் சான்றிதழ்'. மனநலக் காரணத்துக்காக விடுப்பில் போய்த் திரும்பும் பணியாளர், வேலைக்குத் தகுதியானவர்தான் என்று ஒரு குழுவிடம் முப்பது நாட்களுக்குள் அந்தச் சான்றிதழைப் பெற வேண்டும். பெறாவிட்டால் கட்டாய ஓய்வு. தட்டச்சர் றகரத்துக்குப் பதில் ரகரம் போட்டு 'சிரப்பு' என்று அடித்தார். அத்தோடு விட்டிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். அங்கே தமிழில் அக்கறையுள்ள ஒருவர் இருந்திருக்கிறார். சிரப்பு என்று ஒரு சொல்லே கிடையாதே என்று பதறி, ரகரத்தின் தலையில் ஒரு கொக்கி மாட்டி 'சிரிப்பு' என்று திருத்திவிட்டார். 'சிரிப்புச் சான்றிதழ்' கையெழுத்தாகி, முத்திரை குத்தப்பட்டு, எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தச் சுற்றறிக்கைக்கு முதல் ஆளாக நான் மாட்டினேன்.

நான் குடிநீர் வாரியத்தின் மீட்டர் சோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். புகாரின் பேரில் வீடுகளிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் மீட்டர்களை எட்டு எட்டாக ஒரு நீள மேஜையில் வரிசையாகப் பூட்டுவோம். வால்வைத் திறந்தால் எட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்து கடைசியில் அளவுத் தொட்டியில் விழும். தொட்டியில் நூறு லிட்டர் சேரும்போது மீட்டரும் நூறு காட்டினால் அது யோக்கியமான மீட்டர். தொண்ணூற்றாறு காட்டினால் அதைத் திறந்து பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். சரி செய்து ஈய முத்திரை வைத்து அனுப்புவோம். அந்த மேஜையில் எது சரி, எது தப்பு என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தொட்டி சொல்லிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலில் சாக்ஸ் மாட்டினேன். இன்னொரு சாக்ஸ் கையில் இருந்தது. என் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அவள் வேலைக்குப் போய்விட்டு, பர்ஸை மறந்து வைத்துவிட்டதால் மதியம் திரும்பி வந்தபோதும் அந்தச் சாக்ஸ் என் கையில்தான் இருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. "எந்திரிங்க" என்றாள். வண்டி பிடித்து மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மனச்சோர்வு என்றார்கள். மாத்திரை, நாற்பது நாள் விடுப்பு. நாற்பதாவது நாள் மருத்துவர், "இனிமே வேலைக்குப் போங்க. சும்மா வீட்டுல உக்காந்திருந்தா திரும்ப அந்தக் கட்டில் ஓரத்துக்கே போயிடுவீங்க" என்றார். எனக்கும் அது தெரியும். எனக்கு அந்த மேஜை வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மருத்துவரின் கடிதத்தோடு போய் அலுவலகக் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். அவர் சுற்றறிக்கையை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மேடம், இது சிறப்புன்னு இருக்கணும். எழுத்துப்பிழை."

"தெரியுமே. எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப திருத்திடலாமே மேடம்?"

"யார் திருத்தறது? நல்லாருக்கே. தலைமை அலுவலகம் தப்பு பண்ணாது. பண்ணினா திருத்தம் வரும். திருத்தம் வராத வரைக்கும் அது தப்பு இல்ல, விதி."

"ஒரு விளக்கம் கேட்டு எழுதுங்களேன்."

நல்ல பெண்மணி, எழுதினார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: 'சுற்றறிக்கையில் உள்ளவாறே செயல்படவும்.' முப்பது நாளில் ஒன்பது போயிற்று.

அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோதனைக் கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக என் மேஜை தெரியும். என் இடத்தில் 'அவசரம்' என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் நின்றுகொண்டிருந்தான். தொட்டி அறுபது லிட்டரைத் தொடுவதற்குள் அவன் எட்டு மீட்டருக்கும் முத்திரை வைத்துவிடுவான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். கதவைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னேன். மறுநாள் அந்தக் கதவில் 'அனுமதியின்றி உள்ளே நுழையாதீர்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்தக் கூடத்துக்குள் அனுமதியில்லாதவன் நான் ஒருவன்தான் என்பதால் என் பெயரையே எழுதியிருக்கலாம், காகிதம் மிச்சமாகியிருக்கும்.

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் இருக்கும். முதல் நாளே அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பாதுகாப்புக்குத்தான்" என்றார்கள். யாருடைய பாதுகாப்புக்கு என்று சொல்லவில்லை. இரண்டாம் நாள் பக்கத்து மேஜையிலிருந்த ஸ்டேப்ளர் காணாமல் போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளரில் டீ, எனக்கு மட்டும் காகிதக் கப். பதினேழு வருடம் என்னோடு வாயாடியவர்கள் காது கேளாதவனிடம் பேசுவதுபோல, "சாப்... பிட்... டீங்... களா?" என்று கேட்டுவிட்டு எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு நடந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் குழு அமைந்தது. தலைவராக நிர்வாக அலுவலர். உறுப்பினர்களாகச் சமத்துவ அலுவலரும் கொள்முதல் அலுவலரும். மூவரும் ஒன்றாக அமர்ந்தால்தான் குழு. ஒருவர் குறைந்தாலும் செல்லாது. சமத்துவ அலுவலர் என்பது பாகுபாடு நடக்காமல் பார்த்துக்கொள்ள வந்த புதுப் பதவி. அந்த அம்மாள் அதற்கு முன் பண்டகசாலையில் குழாய்களைக் கனம் பார்த்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தவர். மனிதர்களையும் அதே முறையில்தான் கையாண்டார்.

அவர்தான் எனக்கு ஒரு படிவம் கொடுத்தார். அதில் இரண்டாவது கேள்வி: 'வகை: பணியாளர் / மனநோயாளி. ஏதேனும் ஒன்றை மட்டும் டிக் செய்க.'

"மேடம், ரெண்டுமேதான் நான்."

"ஒண்ணைத்தான் போடணும். ரெண்டும் போட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"பணியாளர்னு போடறேன்."

"அப்ப எதுக்கு இந்தப் படிவம்? இது மனநோயாளிங்களுக்கானது."

"சரி, மனநோயாளின்னு போடறேன்."

"போட்டா சான்றிதழ் குடுக்க முடியாதே. அது பணியாளருக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு, என்னைப் பரிவோடு பார்த்தார். "இதெல்லாம் உங்களை மாதிரி ஆளுங்க நல்லதுக்காகத்தான். உங்க ஆளுங்களைப் பத்தி நான் நிறைய படிச்சிருக்கேன். ரொம்பத் திறமைசாலிங்களாமே? நல்லா படம் வரைவீங்களா?"

"இல்ல மேடம்."

"கவிதை?"

"மீட்டர் பாப்பேன் மேடம்."

அவருக்கு ஏமாற்றமாகப் போயிற்று. எங்கள் ஆளுங்களுக்கே நான் ஓர் இழுக்கு என்பதுபோல உதட்டைச் சுழித்துவிட்டு, இரண்டு கட்டத்துக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேல் டிக் அடித்துக்கொண்டார்.

எங்கள் ஆளுங்கள் யார் என்று அன்று முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் நான் பார்த்தவர்கள்: ஒரு வங்கிக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண், லாரி ஓட்டுநர் ஒருவர், தன் வகுப்பில் வாயே திறக்க முடியவில்லை என்று வந்த ஓர் ஆசிரியை. இவர்களில் யாரும் யாருக்கும் ஆளில்லை. ஒருவரை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம்.

பதினான்காம் நாள் முதல் அமர்வு. சிரிப்பை எப்படி அளப்பது என்று குழு முன்கூட்டியே விவாதித்திருந்தது. புன்னகை ஏற்கப்படாது, சத்தம் இல்லாததால் பதிவு செய்ய வழியில்லை. ஆகவே கசிவுப் பிரிவிலிருந்து, பூமிக்கடியில் குழாய் ஒழுகுகிறதா என்று கேட்கும் கருவியைக் கடன் வாங்கி வந்திருந்தார்கள். நீளக் கம்பி, அதன் ஒரு முனையில் உணர்வி, மறுமுனையில் ஹெட்போன். கொள்முதல் அலுவலர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்பியை என் முதுகில் அழுத்தினார்.

"உள்ள என்னமோ ஓடுது சார்" என்றார்.

"அது வயிறு சார். இன்னும் சாப்பிடலை" என்றேன்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பெரிய நகைச்சுவையாளர். அலுவலகத்தில் அவர் சொல்லி யாரும் சிரிக்காத ஜோக் கிடையாது. "முதல்ல ஒண்ணு சொல்லிக்கறேன். எனக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையவே கிடையாது. நொண்டி, செவிடு, மெண்டல், எல்லாரையும் ஒரே மாதிரிதான் பாக்கறேன். கேட்டுப் பாருங்க."

சமத்துவ அலுவலர் அதைக் குறிப்பேட்டில் பாராட்டோடு எழுதிக்கொண்டார்.

"இப்ப ஜோக். நல்லா கவனிங்க. ஒரு மறை கழண்ட கேஸ் வீடு வீடா மீட்டர் பாக்கப் போனானாம். வீட்டம்மா, 'ஏம்ப்பா, இந்த மாசம் எவ்வளவு ஓடியிருக்கு?'ன்னு கேட்டாங்களாம். அவன் சொன்னானாம், 'எங்கயும் ஓடலைம்மா, இங்கயேதான் இருக்கு'ன்னு!"

சமத்துவ அலுவலர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கொள்முதல் அலுவலர் சிரித்ததில் கம்பி என் முதுகில் குத்தியது. பிறகு மூன்று பேரும் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

நான் முயற்சி செய்தேன். உண்மையாகவே முயன்றேன். ஆனால் வாய் திறந்ததும் வந்தது வேறு. "சார், மீட்டர் பாத்து எழுதறது வேற பிரிவு. நாங்க சோதனைதான் பண்ணுவோம். அப்புறம், மறை கழண்டா மீட்டர் ஓடாம இருக்காது சார், ஒழுகும். அவ்வளவுதான்."

குறிப்பேட்டில் இப்படிப் பதிவாயிற்று: 'நகைச்சுவை கூறப்பட்டது. சிரிக்கவில்லை. விளக்கம் அளித்தார்.'

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். படிவத்தின் நகலை அவளிடம் காட்டினேன். கோட்டின் மேல் விழுந்திருந்த டிக்கைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கசிவு கேக்கற கம்பியா? முதுகுலயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் வந்து நாலு கேள்வி கேக்கட்டுமா?"

"வேணாம். அப்புறம் குடும்பமே அப்படித்தான்னு எழுதிக்குவாங்க."

"அப்ப சிரிச்சுத் தொலைங்க. வேலை வேணும்ல? நான் சொல்றேன், சிரிங்க."

கண்ணாடி முன் நின்று சிரித்தேன். "இது இருமல்" என்றாள். மறுபடி சிரித்தேன். "இது யாரையோ பயமுறுத்தற மாதிரி இருக்கு" என்றாள். நான்கு நாள், காலையும் மாலையும் பயிற்சி எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு உடம்பு குணமாகிவிட்டதாக நினைத்து வாழ்த்துச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் அவர் தன் பிள்ளைகளை எங்கள் வாசல் பக்கம் விளையாட விடுவதை நிறுத்திவிட்டார்.

பதினெட்டாம் நாள் இரண்டாம் அமர்வு. தலைவர் வாயைத் திறந்து, "ஒரு பைத்தியம்..." என்று ஆரம்பித்ததுமே நான் சிரித்துவிட்டேன். பயிற்சி அப்படி. சத்தமாக, விட்டு விட்டு, பன்னிரண்டு முறை. கொள்முதல் அலுவலர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் இன்னும் ஜோக்கே சொல்லலையே" என்றார் தலைவர்.

"எப்படியும் நல்லாத்தான் சார் இருக்கும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமத்துவ அலுவலர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித் தலைவரிடம், "காரணம் இல்லாம தானா சிரிக்கறாங்கன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும் சார்" என்றார். ஒன்றரை முழம் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கும் தெரிந்தது. அன்றைய பதிவு: 'நகைச்சுவை கூறப்படவில்லை. சிரித்தார். கவலைக்குரியது.' இறுதி அமர்வு இருபத்தெட்டாம் நாள் என்றார்கள்.

நடுவில் மனநல விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று வந்தது. எல்லா அலுவலகத்திலும் நடத்தச் சொல்லி உத்தரவு. என்னை மேடையில் உட்கார வைத்து, சட்டையில் ஒரு வட்ட அட்டை குத்த வந்தார்கள். 'நானும் மனிதனே' என்று அதில் அச்சடித்திருந்தது. சமத்துவ அலுவலர் என் மேல் விரல் படாமல் ஊசியைக் குத்தப் பார்த்தார், ஏறவில்லை. அதை நானே பிடுங்கிக் குத்திக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன். அவர் அலறிக்கொண்டு ஊசியைப் பின்னால் மறைத்தார். கடைசியில் பசை போட்டு ஒட்டினார்கள்.

தலைவர் பேசினார். நன்றாகப் பேசுவார்.

"நண்பர்களே, மனநோய்னா கேவலம் கிடையாது. யாரையும் பைத்தியம்னு சொல்லக் கூடாது. இதோ, நம்ம மீட்டர் பிரிவு நண்பர் மேடையில உக்காந்திருக்கார். இவரை நாம யாராவது பைத்தியம்னு சொல்றோமா? முகத்துக்கு நேரா ஒரு தடவையாவது சொல்லியிருக்கோமா? இல்லையே! அதுதான் நம்ம பண்பாடு. எல்லாம் மனசுதாங்க. மனசைத் தைரியமா வச்சுக்கிட்டா ஒண்ணும் வராது. என்னை எடுத்துக்கங்க. எனக்கு இல்லாத கவலையா? தூக்கம் வருதா? வராது! அதுக்காக டாக்டர்கிட்டயா ஓடறேன்? சிரிக்கிறேன்! பெருமையா சொல்றேன், நம்ம அலுவலகத்துல முப்பது வருஷமா ஒருத்தருக்குக்கூட மனநோய் வந்தது கிடையாது. இவர்தான் முதல். இவரே கடைசியாவும் இருக்கணும்னு கேட்டுக்கறேன்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

முப்பது வருடமாக யாருக்கும் வந்ததில்லை என்பது கோப்புகளின்படி உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பம்ப் ஆபரேட்டர் ஒருவர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து விழுந்து செத்தார். 'கால் தவறி விழுந்தார். பணியில் கவனக்குறைவு' என்று கோப்பு சொல்கிறது. கால் தவறுவதற்கு முன் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கோப்பில் செருப்பு இல்லை. அவர் அதற்கு முந்தின மாதம் என் மேஜைக்கு வந்து, "மனசே சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். நானும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். மேடையில் உட்கார்ந்து கைதட்டும்போது அதுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

கூட்டம் முடிந்த மறுநாள் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்துங்க. தாழ் போடுங்க" என்றார்.

போட்டேன். ஸ்க்ரூடிரைவர் இல்லாமலேயே ஆபத்தானவன் என்று சொல்லப்படும் என்னோடு அவர் தனியாகத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த காலண்டரையே சிறிது நேரம் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கரு வளையம். அருகில் பார்த்தால்தான் தெரியும்.

"நீங்க பாக்கறீங்களே, அந்த டாக்டர் யாரு?"

சொன்னேன்.

"நல்லா பாப்பாரா?"

"நல்லா பாப்பாங்க சார். பொம்பளை டாக்டர்தான்."

"மாத்திரை சாப்பிட்டா தூக்கம் வருமா? எனக்கு இல்ல. நம்ம தெரிஞ்சவர் ஒருத்தருக்கு. மூணு மாசமா ராத்திரி கண்ணை மூட முடியலையாம். காலைல எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்காம். பேசிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு அழுகை வருதாம். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதுட்டு வராராம். வந்து..." கொஞ்சம் நிறுத்தினார். "வந்து ஜோக் சொல்றாராம்."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, வந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். "தெரிஞ்சவரைத் தள்ளிப் போட வேணாம்னு சொல்லுங்க சார். சீக்கிரம் போகச் சொல்லுங்க" என்றேன்.

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நான் எழுந்தேன்.

"சார், என் சான்றிதழ்..."

"அது குழு முடிவு பண்றது. நான் தனியா என்ன பண்ண முடியும்? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

மறுநாள் தலைவர் பத்து நாள் விடுப்பில் போனார். காரணம்: கடும் பல்வலி. அலுவலகமே உருகிப்போயிற்று. கண்காணிப்பாளர் அம்மாள் கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பினார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பழக்கூடை அனுப்பினார்கள். பல்வலிக்காரரால் பழம் கடிக்க முடியாது என்று ஒருவர் சொல்ல, அதைத் திரும்ப வாங்கிவரச் செய்து ஜூஸாக அனுப்பினார்கள். நான் நாற்பது நாள் படுத்துக் கிடந்தபோது எனக்கு வந்தது ஒரே ஒரு காகிதம். அடையாள அட்டையை ஒப்படைக்கச் சொல்லியிருந்தது.

இருபத்தெட்டாம் நாள். நான் சவரம் செய்து, மனைவி தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மேஜையில் இரண்டு பேர் இருந்தார்கள். நடு நாற்காலி காலி.

"கோரம் இல்ல" என்றார் கொள்முதல் அலுவலர், சுகமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு. "மூணு பேர் இருந்தாத்தான் குழு."

"வேற யாரையாவது தலைவராப் போட முடியாதா சார்?"

"போடலாம். தலைவர்தான் போடணும்."

"ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டா?"

சமத்துவ அலுவலருக்கு முகம் சிவந்தது. "பல் வலியில துடிச்சுக்கிட்டு இருக்கறவரை ஃபோன் பண்ணித் தொந்தரவு பண்ணச் சொல்றீங்களா? கொஞ்சமாவது மனிதாபிமானம் வேணாமா? உடம்பு சரியில்லாதவங்களை எப்படி நடத்தணும்னு உங்களுக்குத் தெரிய வேணாம்?"

முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிந்தது. ஐந்தே காலுக்கு உத்தரவு என் கையில் இருந்தது. அவ்வளவு விரைவாக எங்கள் அலுவலகத்தில் ஒரு காகிதம் நகர்ந்து நான் பார்த்ததில்லை. 'சிரிப்புச் சான்றிதழ் பெறத் தவறியமையால் கட்டாய ஓய்வு.' பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவசரம் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தான். அளவுத் தொட்டியில் தண்ணீர் பாதியில் நின்றிருந்தது.

மனைவி உத்தரவை இரண்டு முறை படித்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

"ஏன்?"

"ஒண்ணும் வரலை."

"எனக்கு வருதுங்க" என்றாள். "எனக்கு வர்ற கோபத்துக்கு அந்த ஆபீஸையே கொளுத்தணும் போல இருக்கு. உங்களுக்கு எப்படி வராம இருக்கும்?" கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் உடனே கையைப் பிடித்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நான் மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டிய நாள். காத்திருப்பு அறையில் வழக்கம்போல் யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்கூட்டியே பதிந்து வைத்திருந்த டோக்கனைக் கம்பவுண்டரிடம் வாங்கிக்கொண்டு காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து இருந்தார்.

"சார்" என்றேன்.

தலைவர் திடுக்கிட்டார். "பல்லு..." என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். அங்கே பல் டாக்டர் யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது. கைக்குட்டையை இறக்கினார்.

"பத்து நாளா தினமும் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். இன்னிக்குத்தான் உள்ள வந்தேன்" என்றார். பிறகு, "உங்க விஷயம் என்னாச்சு? முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது சார். கட்டாய ஓய்வு. கோரம் இல்லைன்னுட்டாங்க."

"அடடா! யாரு வரலை?"

"நீங்கதான் சார்."

கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சான்றிதழைப் பற்றி, முன்தேதியிட்டு ஒரு கையெழுத்தைப் பற்றி, வருத்தத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து, என் கையைத் தொட்டு, மிக மெதுவாகச் சொன்னார்.

"என்னை இங்க பாத்ததை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நம்ம ஆளுங்க எவ்வளவு மோசம்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும் சார்" என்றேன்.

"உள்ள போனா என்ன பண்ணச் சொல்வாங்க? சிரிக்கச் சொல்வாங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். "இல்ல சார்," என்றேன், "இங்க யாரும் யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டாங்க."

கம்பவுண்டர் கதவைத் திறந்து, "பதினாலு" என்று கூப்பிட்டார். தலைவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போகும் அதே நடையில் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

என் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தேன். பதினான்கு. அவருடைய டோக்கன் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே கிடந்தது. பத்தொன்பது. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் நினைக்கவில்லை. எண்ணையே பார்த்திருக்க மாட்டார். ஓர் இடத்தில் நானும் அவரும் உட்கார்ந்திருந்து யாரையாவது கூப்பிட்டால் அது தன்னைத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. பம்ப் ஆபரேட்டருக்காக, காகிதக் கப்புக்காக, கோட்டின் மேல் விழுந்த டிக்குக்காக, அறுபது லிட்டரில் முத்திரை வாங்கிய அத்தனை மீட்டருக்காகவும் மொத்தமாக வந்தது. மாதக்கணக்கில் இப்படி ஒன்று எனக்குள் இருந்ததே தெரியாது. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. அறையிலிருந்த எல்லோரும் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கையை மடக்கி ஓங்கித் தட்டினேன்.

"வெளிய வாங்க சார்" என்றேன். "இது என்னோட முறை."